பதில்: ஷாப்டுக்கும் டன்னலுக்கும் நடுவே உள்ளதற்கு ‘படாவெளி’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘கிளியரன்ஸ்’ (ஓர் உறுப்பு இன்னொன்றில் படாமல் இருக்க வேண்டிய இடம்) என்பதற்கு ‘இடைவெளி’ போதும், புதுச்சொல் வீண் வேலை என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஸ்பார்க் பிளக்குக்கு இடைவெளி சரி. ஃபீலர் கேஜை (தடிப்பு குறித்த மெல்லிய தகட்டை) நுழைத்துப் பார்த்து வைக்கிற அளவு அது, வைத்தால் அப்படியே நிற்கும். பழைய காருக்கு வேறு எஞ்சின் ஏற்றும்போது ப்ரொப்பெலர் ஷாப்டை, அதாவது கியர் பொக்ஸிலிருந்து பின் அக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டை, சுற்றி நாம் தேடுவது அப்படி நிற்கிற ஒன்றை அல்ல. அந்த ஷாப்ட் சுழல்வது காரின் தரைத் தகட்டில் அதற்கென எழுப்பிய டன்னலுக்குள்.

திருகோணமலையில் ஒரு மொறிஸ் மைனருக்கு இந்த வேலை நடப்பதாக வைத்துக்கொள்வோம். 1948இல் வெளிவந்த கார். பின் அக்ஸில் லீஃப் ஸ்பிரிங்கோடு சேர்ந்து மேலும் கீழும் போய்வரும். அதற்கு ஜப்பான் எஞ்சினும் ஐந்து கியர் பொக்ஸும் ஏற்றுகிறார்கள். பழைய ஷாப்ட் பொருந்தாது, லேத்தில் கொடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டும். 50 மி.மீ. குழாய் இருந்த இடத்தில் 75 மி.மீ. குழாய் வந்தால், ஷாப்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் 12.5 மி.மீ. போய்விடுகிறது. காரைப் பதிக்க (உயரத்தைக் குறைக்க) ஸ்பிரிங்குக்கும் அக்ஸிலுக்கும் நடுவே கட்டை வைத்தால், கட்டையின் உயரத்துக்கு அக்ஸில் பொடியை (காரின் உடற்கூட்டை) நெருங்கும், ஷாப்டின் பின்முனையும் கூடவே ஏறும். கடற்காற்றில் துருப்பிடித்த டன்னலுக்கு ஒட்டுத்தகடு அடித்திருந்தால் அதுவும் கொஞ்ச இடத்தைத் தின்றிருக்கும்.

இத்தனைக்கும் பிறகு, கராஜில் கார் சும்மா நிற்கும்போது விரல் தாராளமாக நுழையும். பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றி நிலாவெளிப் பக்கம் போய், ஒரு பள்ளத்தில் விழுந்தால்தான் ‘டக்’ என்று கேட்கும். பாரத்துக்கு ஸ்பிரிங் அமுங்குகிறது. முடுக்கும்போது ஸ்பிரிங் முறுகி அக்ஸிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே தூக்குகிறது. கியர் பொக்ஸ் தன் றப்பர் மவுண்டில் ஒரு பக்கம் சாய்கிறது. இந்த மூன்றும் ஒரே கணத்தில் நடக்கும்போது மிஞ்சுகிற இடம் எவ்வளவு என்பதே கேள்வி. டன்னலின் உட்பக்கம் களிமண்ணை அப்பி, பாரமேற்றி ஓட்டிவந்து, களிமண் எங்கே எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். நிற்கிற அளவுக்கும் இதற்கும் ஒரே பெயரைக் கொடுத்தால், படிக்கிற பிள்ளை காரை நிறுத்திவைத்து அளந்துவிட்டு எழுந்து போய்விடும்.

என் முன்மொழிவு: படாவெளி.

கராஜில் ‘முட்டுது’, ‘தட்டுது’, ‘உரசுது’ மூன்றையும் கேட்கலாம், மூன்றும் வேறு வேறு. பள்ளத்தில் தட்டும், பாரத்தில் உரசும், ஷாப்ட் நீளம் கூடினால் முன்னே போய் முட்டும். எல்லாவற்றையும் அடக்குவது ‘படுதல்’. ‘படாத வெளி’ ஈறுகெட்டுப் ‘படாவெளி’ ஆகிறது. வாடாமலர், பொய்யாவிளக்கு என்று நமக்குப் பழகிய அமைப்புத்தான். ‘வெளி’யோ உப்புவெளியிலும் நிலாவெளியிலும் தினமும் நம் வாயில் இருக்கிறது.

சென்னையிலிருந்து ஒரு நண்பர், ‘படா’ என்றால் அங்கே ‘பெரிய’ என்ற பேச்சுப் பொருள் வந்துவிடும் என்கிறார். நியாயமான கவலை. ஆனால் சேர்த்து எழுதி, வாக்கியத்தில் வைத்தால் அந்தக் குழப்பம் எழாது: “முழுப் பாரத்தில் படாவெளி போதாது, பம்ப் ஸ்டொப்பைத் தடிப்பாக்கு.” (பம்ப் ஸ்டொப் என்பது அக்ஸில் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் றப்பர் கட்டை.) அவர் தந்த ‘தொடுகையிலா இடைவெளி’ பொருளில் பழுதில்லாத சொல், ஆனால் காருக்கு அடியில் படுத்திருப்பவர் அவ்வளவு நீளத்தைச் சொல்லமாட்டார்.

அப்புறம், நீளவாக்கில் இன்னொன்று இருக்கிறது. அக்ஸில் ஏறி இறங்கும்போது ஷாப்டின் முன்முனையில் உள்ள யோக் என்னும் சறுக்கு இணைப்பு, கியர் பொக்ஸுக்குள் போய்வரும். அதற்கு இடமில்லாவிட்டால் யோக் உள்ளே முட்டி கியர் பொக்ஸின் பெயரிங்கையே உடைத்துவிடும். அதனால் கார் தன் காலில் நிற்கும்போது யோக் இன்னும் 20 முதல் 25 மி.மீ. உள்ளே போக இடம் விடுவது வழக்கம். இதற்கு ‘சறுக்கு நீளம்’ என்று பட்டியலில் இருக்கிறது. அதைக் கேட்டால் யோக் சறுக்குகிற பல்வரியின் முழு நீளம் என்றே தோன்றும். இங்கே வேண்டியது மிச்சமிருக்கிற இடம், ஆகவே ‘நழுவிடம்’ என்று வைக்கலாம். இதையும் படாவெளியையும் ஒரே பதிவில் கலக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நழுவிடம் போதாவிட்டால் ஷாப்டை வெட்டிக் குறைக்க வேண்டும். படாவெளி போதாவிட்டால் டன்னலை வெட்டி உயர்த்தலாம், மெல்லிய குழாய் போடலாம், அக்ஸிலின் ஏற்றத்தை மட்டுப்படுத்தலாம். கோளாறு வேறு, மருந்தும் வேறு.

மைனரின் பொடித் தகடுகளை இலங்கையில் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பிய காலம் உண்டு. அந்தத் தகட்டை வளைத்த கைகளுக்குச் சொல் இல்லாமல் இருந்திருக்காது. அந்த வேலை தெரிந்த யாராவது குழுவில் இருந்தால் எழுதுங்கள்.

பதிவுக்கு என் வரைவு: “படாவெளி – அசையும் உறுப்பு தன் அசைவின் எல்லையில் நிற்கும்போது, அதற்கும் அருகிலுள்ள உறுப்புக்கும் இடையே மிஞ்சும் மிகக் குறைந்த தூரம்.”

கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் வேலை செய்கிறவர்களிடமும் கேட்கப் போகிறேன். அவர்களின் ஷாப்டும் குழாய்க்குள்தான் சுழல்கிறது. இதைவிடக் குறுகிய சொல் அவர்களிடம் இருந்தால் என் முன்மொழிவை மீட்டுக்கொள்கிறேன். அதுவரை ‘இடைவெளி’ என்று பதிவை மூடிவிட வேண்டாம்.