ஆப்பில் லெவல் ஏறுது, ஸ்கூல் பை அடுக்க வரலை

டேப்லெட்டில் மூளைப் பயிற்சி ஆப்பை லெவல் லெவலாகத் தாண்டுகிற ஆட்டிசப் பிள்ளை, காலையில் பையை அடுக்கச் சொன்னால் நடு ஹாலில் அப்படியே நிற்கும். "ஏன் இப்படி?" என்று பெற்றோர் கேட்காத வாரமே இல்லை. நெதர்லாந்தில் 8 முதல் 12 வயதுள்ள 121 ஆட்டிசக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2015இல் வந்தது. 6 வாரம், 25 அமர்வு. ஒரு குழுவுக்கு நினைவில் வைத்து வேலை செய்யும் பயிற்சி, இன்னொன்றுக்கு வேலை மாறும்போது தடுமாறாமலிருக்கும் பயிற்சி, மூன்றாவதற்குக் கடினமே ஏறாத ஒப்புக்குச் சப்பாணி விளையாட்டு. முதல் இரண்டும் மூன்றாவதைப் பெரிதாக முந்தவில்லை. விளையாட்டில் கற்றது தானாக வீட்டு வேலைக்கு வந்து சேராது.

அதனால் ஆப் 15 நிமிடம் என்றால், கையோடு 10 நிமிடம் ஒரு நிஜ வேலை. பைக்கு ஐந்து படம் போதும்: புத்தகம், நோட்டு, டைரி, டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில். உங்கள் வீட்டுப் பொருளையே போட்டோ எடுங்கள். படத்தில் நீல பாட்டில், மேசையில் பச்சை பாட்டில் என்றால் சில பிள்ளைகளுக்கு வேலை அங்கேயே நின்றுவிடும். முதலில் எல்லாவற்றையும் நீங்களே வைத்து, ஜிப் இழுப்பதை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். அது பழகியதும் பாட்டில், பிறகு டிபன் பாக்ஸ் என்று பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். வேலை முடிந்த திருப்தி தினமும் பிள்ளைக்கே கிடைக்கும்.

—

மேலே சொன்னதில் சறுக்குவது பெரும்பாலும் நம் வாய்தான். பெற்றோருக்கான கோச்சிங்கில், வீட்டில் எடுத்த 2 நிமிட வீடியோ கேட்பது பிள்ளையைப் பார்க்க மட்டுமில்லை, அம்மா அப்பா எத்தனை தடவை பேசுகிறார்கள் என்று எண்ணவும்தான். ஒரு தடவை சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். நகரவில்லையா, படத்தைக் காட்டுங்கள். மறுபடி பேசுவது கடைசியில். "அடுத்து என்ன?" என்று ஒவ்வொரு படிக்கும் கேட்டால் பிள்ளை அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கப் பழகிவிடும். பாட்டியையும் கோச்சிங்கில் உட்கார வையுங்கள். "பாவம், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பையை அடுக்கிக் கொடுப்பது அவர்தான்.

—

பிள்ளையிடமிருந்து டேப்லெட்டைத் திரும்ப வாங்கும் நேரம் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஐபேடில் கைடட் ஆக்சஸ் (ஒரே ஆப்பில் திரையைப் பூட்டி வைக்கும் வசதி) போட்டு நேரம் வைக்கலாம், சரி. ஆனால் பாதி லெவலில் திரை பூட்டிக்கொண்டால் ரகளைதான். "இன்னும் ரெண்டு லெவல்" என்று எண்ணிக்கையில் முடியுங்கள், நேரக்கட்டுப்பாடு அதற்குப் பிறகான பாதுகாப்பு.

ஆப் ஓடும்போது கரண்ட் போய் வைஃபை நின்றால் என்ன செய்வது, அதாவது ரெண்டாம் திட்டம் என்ன என்பதை கரண்ட் இருக்கும்போதே பழக்குங்கள். நீங்கள் உங்கள் வேலையிலேயே வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள்: "மாவு ரொம்பப் புளிச்சிடுச்சு. முதல் திட்டம் இட்லி, நடக்காது. ரெண்டாம் திட்டம் உப்புமா." ஏற்கெனவே கத்திக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் போய் "ரெண்டாம் திட்டம் என்ன?" என்று கேட்காதீர்கள். அப்போது எதுவும் உள்ளே போகாது. அந்த வார்த்தையே அடுத்த ரகளைக்கான மணி ஆகிவிடும்.