பதினோரு கம்ப்யூட்டருக்கும் லினக்ஸ் போடலாமா?

ஆம்பூர்க் கணக்கர்:
ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஆபீஸில் 11 கம்ப்யூட்டர், எல்லாம் நாலாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பெட்டிகளை ஏற்காது. விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸும், வேர்டு, எக்ஸலுக்குப் பதில் லிப்ரே ஆபீஸும் போடலாம் என்றேன். "ஜெர்மனியில் மியூனிக் மாநகராட்சியே போட்டுப் பார்த்துத் திரும்பிவிட்டதாமே" என்று முதலாளி ஒரே போடாகப் போட்டார். அவர் மகன் போனில் காட்டியிருக்கிறான். பேக்கிங் லிஸ்ட், டாலியில் கணக்கு, தமிழ் நோட்டீஸ், இவ்வளவுதான் எங்கள் வேலை. மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் டிடிபி:
சார், நான் 2019ல் கடையில் மாற்றினேன். முதல் வாரமே அடி வாங்கினேன், ஆனால் லினக்ஸால் இல்லை. சங்கத்துக்காரர் ஒருவர் பழைய ஆண்டறிக்கையைத் திருத்தக் கொண்டுவந்தார். திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் வரிக்குப் பத்து அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பு. 'தமிழ்' என்ற சொல் அதற்குள் வெறும் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. மேலே பாமினிச் சட்டை இருக்கும்வரைதான் அது தமிழ். அந்த எழுத்துரு இல்லாத விண்டோஸிலும் இதே கதிதான்.

அதனால் முதலில் நோட்டீஸ்களை, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நடுவில் இருக்கும் ஆங்கிலப் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் அது தமிழாக்கி உளறும். ஒருவர் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். அப்புறம் விண்டோஸிலேயே இரண்டு மாதம் லிப்ரே ஆபீஸ் ஓட்டிப் பாருங்கள். காலிப்ரி எழுத்துரு இல்லாத இடத்தில் அதே அகலமுள்ள கார்லிட்டோ எழுத்துரு வரும், வரி உடையாது. எக்ஸலில் மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) இருந்தால் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், அங்கேதான் மாட்டும். லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை உண்டு, பழைய தட்டச்சு முறையும் உண்டு.

மியூனிக் 2003ல் முடிவெடுத்து, சுமார் 15,000 கம்ப்யூட்டரைப் பத்து வருடம் இழுத்து மாற்றிய ஊர். 2017ல் மாநகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸுக்கு மாறுவதாக 2024ல் அறிவித்தது. பையன் அதையும் போனில் காட்டட்டும்.

சத்துவாச்சாரி சர்வீஸ்:
டாலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. அதற்கு ஒரு விண்டோஸ் பெட்டி வாங்கித்தான் ஆக வேண்டும். 11ஐயும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். யாருக்காவது பிரிண்டர் ஓடவில்லை என்றால் பழி லினக்ஸ் மேல்தான் விழும். பிரிண்டரை முதலில் சோதியுங்கள்.

ஓய்வுபெற்ற கிளார்க்:
தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் 2007லேயே லினக்ஸுக்கு மாறிய மாநிலம் இது. மத்திய அரசின் 2015 கொள்கையும் லினக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருளை விட்டால் காரணம் எழுதச் சொல்கிறது. காரணம் எழுதுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை! நான் இருந்த ஆபீஸில் போட்டுக் கொடுத்தார்கள், சொல்லிக் கொடுக்க யாரும் வரவில்லை. மூன்றாம் மாதம் பழையபடி விண்டோஸ்.

ஆம்பூர்க் கணக்கர்:
நன்றி. நோட்டீஸ் ஃபோல்டரைத் திறந்தேன்: 412 கோப்பு, முக்கால்வாசி பாமினி. என் பெட்டியிலும் டெஸ்பாட்ச் பெட்டியிலும் மட்டும் போட முதலாளி சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை போனஸ் நோட்டீஸிலிருந்து ஆரம்பிக்கிறேன்.