எஸ்ஏஎஸ் 2008 அட்டையில் உள்ள வட்டுகள் லினக்ஸ் நிறுவலின்போது தெரியவில்லை

கேள்வி:
பழைய சர்வர் ஒன்றில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் விநியோகம் பல ஆண்டுகளாகச் சிக்கலின்றி ஓடியது. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டதால், ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-ஐ (சுருக்கமாக ரெட் ஹாட் 8) அடியொற்றிய ஒரு விநியோகத்தை நிறுவ முற்பட்டேன். நிறுவியோ கணினியில் வட்டே இல்லை என்கிறது. பிசிஐ அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில், வட்டுகள் இணைந்திருக்கும் எல்எஸ்ஐ நிறுவனத்தின் எஸ்ஏஎஸ் 2008 அட்டை 1000:0072 என்ற அடையாள எண்ணோடு தெரிகிறது, ஆனால் அதைக் கையாளும் டிரைவர் எதுவும் காட்டப்படவில்லை. இவ்வகை அட்டைக்கான எம்பிடி3எஸ்ஏஎஸ் டிரைவர் மாட்யூலைக் கையால் ஏற்றினால் பிழைச் செய்தியும் வருவதில்லை, வட்டும் வருவதில்லை. அட்டையின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, மாற்றி எழுத வேண்டுமா?

மறுமொழி 1:
ஃபர்ம்வேரைத் தொடாதீர்கள்; அட்டையில் குறை எதுவும் இல்லை. ஒவ்வொரு டிரைவரும் தனக்குரிய பிசிஐ எண்களின் பட்டியலைத் தன்னுள் வைத்திருக்கிறது, அப்பட்டியலில் இல்லாத அட்டையை, லினக்ஸின் மையமான கெர்னல் அந்த டிரைவரிடம் ஒப்படைப்பதில்லை. ரெட் ஹாட் 8 வெளியானபோது எம்பிடி3எஸ்ஏஎஸ், மெகாரெய்டு_எஸ்ஏஎஸ் போன்ற டிரைவர்களின் பட்டியல்களிலிருந்து பழைய தலைமுறை அட்டைகளின் எண்கள் நீக்கப்பட்டன. மாட்யூல் பிழையின்றி ஏறியும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். ரெட் ஹாட் மாற்றாத மூலக் கெர்னலில் ஆதரவு இன்றும் இருப்பதால், டெபியன் என்ற வேறு விநியோகத்தின் நிறுவியில் துவக்கிப் பார்த்தால் வட்டுகள் தெரியும்.

அதே விநியோகம்தான் வேண்டுமென்றால், நீக்கப்பட்ட எண்களை மீண்டும் சேர்த்த டிரைவரை எல்ரெப்போ என்ற வெளிக் களஞ்சியம் வழங்குகிறது. உங்கள் நிறுவியின் துணைப்பதிப்புக்கு, அதாவது 8.9 என்றால் 8.9-க்கே, உரிய டிரைவர் வட்டுப் படிமத்தை யுஎஸ்பியில் எழுதி, துவக்க வரியில் டிரைவர் வட்டை ஏற்றச் சொல்லும் ஐஎன்எஸ்டி.டிடி என்ற அளபுருவைச் சேருங்கள். நம்பகக் கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கினால் எல்ரெப்போவின் சாவியை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

மறுமொழி 2:
கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் உள்ள நியூ_ஐடி கோப்பில் அட்டையின் எண்ணை எழுதி டிரைவரோடு ஒட்டவைக்கும் வழியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். டிரைவர் தன் உள்ளேயும் எண்ணைப் பார்த்துச் சில்லின் தலைமுறையைத் தீர்மானிக்கும் இடங்களில் அது பலிக்காது. தரவு இருக்கும் வட்டுகளை வைத்துக்கொண்டு நான் அதைச் செய்யமாட்டேன். இன்னொன்று: எண் 0073 என்று இருந்தால் அது மெகாரெய்டு ஃபர்ம்வேர், அதற்கு வேறு டிரைவர். உங்களுடையது 0072 என்பதால் அந்தக் குழப்பம் இல்லை.

கேட்டவர்:
டிரைவர் வட்டோடு நிறுவல் முடிந்தது, நன்றி. ஆனால் நேற்று துணைப்பதிப்பை மேம்படுத்தியபின் புதிய கெர்னல் இயங்குதளம் இருக்கும் ரூட் பகிர்வைக் காணாமல் அவசர நிலைக்குப் போய்விட்டது. துவக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து மீண்டேன்.

மறுமொழி 1:
புதிய துணைப்பதிப்புக்கான கேமாட் பொதி (எல்ரெப்போவின் டிரைவர் மாட்யூல் அடங்கியது) வந்து சேரும் முன்பே கெர்னல் வந்துவிட்டது. முதலில் எல்ரெப்போவில் அப்பொதி வெளியாகியிருக்கிறதா என்று பார்த்து, அதை நிறுவி, டிராகட் கருவி கொண்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸை (துவக்கத்தில் கெர்னலோடு ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) மறுபடி உருவாக்கி, எல்எஸ்இனிட்ஆர்டி கட்டளை மூலம் அதற்குள் மாட்யூல் இருப்பதை உறுதிசெய்த பிறகே மறுதுவக்கம் செய்யுங்கள். பழைய கெர்னலை அழிக்காதீர்கள்.

மறுமொழி 3:
ஒவ்வொரு மேம்படுத்தலிலும் இந்தக் காவல் வேலை வேண்டாம் என்றால் ரெட் ஹாட்டை அடியொற்றிய அல்மாலினக்ஸுக்கு மாறலாம். 8.10, 9.4 பதிப்புகளிலிருந்து அவர்கள் எம்பிடி3எஸ்ஏஎஸ் உள்ளிட்ட டிரைவர்களில் நீக்கப்பட்ட எண்களைத் தங்கள் கெர்னலிலேயே திரும்பச் சேர்த்துவிட்டார்கள். தனி டிரைவர் வட்டு தேவைப்படாது.