அம்மாவின் சுங்குடியில் நட்சத்திரக் கட்டம்: முக்கோணம் மட்டும் ஏன் குட்டையாகிறது?

ஈசூன்வாசி:

வணக்கம். அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகள் நான்கு என்னிடம் இருக்கின்றன. அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. நம் சிங்கப்பூர் ஈரத்தில், அலமாரியில் மடித்து வைத்த மடிப்பிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது. சரி, நல்ல பகுதிகளை வெட்டி மகளுக்கு ஒரு ஒட்டுப் போர்வை தைக்கலாம் என்று இறங்கினேன்.

முதலில் 12 இன்ச்சில் ஒரு நட்சத்திரக் கட்டம். நடுவில் 6 இன்ச் சதுரம், மூலைக்கு ஒன்றாக நான்கு 3 இன்ச் சதுரம், நட்சத்திர முனைகளுக்கு, பாதி சிவப்பு பாதி வெள்ளையாக எட்டு முக்கோணச் சதுரங்கள். தையலுக்காக எல்லாப் பக்கமும் கால் இன்ச் விட்டேன். அதனால் நடுச்சதுரம் 6½, மூலைகள் 3½. முக்கோணத்துக்கும் 3½ இன்ச் சதுரங்களை வெட்டி, அவற்றைக் குறுக்கே இரண்டாக்கினேன். அங்கேதான் சிக்கல். சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்துத் தைத்தால் 3⅛ தான் வருகிறது. அப்படி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் 5¾. நடுச்சதுரமோ 6½! இழுத்துப் பிடித்துத் தைத்துப் பார்த்தேன். பொரித்த அப்பளம் மாதிரி எழும்பி நிற்கிறது.

சிவப்புப் புடவையில் இனி அதிகம் மிச்சமில்லை. எங்கே தப்பு?

பிடோக் மெஷின்:

3½ சதுரத்துக்குப் பதிலாக 3⅞ வெட்ட வேண்டும். முக்கோணச் சதுரத்துக்கு, தைத்து முடித்த பிறகு வேண்டிய அளவோடு (இங்கே 3 இன்ச்) எப்போதும் ⅞ சேர்ப்பார்கள். நான் முழுதாக 1 இன்ச் சேர்த்துவிடுவேன், தைத்த பிறகு ஸ்கேல் வைத்து 3½க்கு நறுக்கிக்கொள்வேன்.

தேக்கா ஊசிநூல்:

தங்கச்சி, அந்தச் சிவப்பை இனி வெட்டாதே. முதலில் இதைப் படி.

நான் தேக்கா மார்க்கெட் மாடியில் 26 வருஷம் ரவிக்கை தைத்தவள். எங்கள் கணக்கு நூல் கணக்கு; எட்டு நூல் ஒரு இன்ச். தையலுக்கு நீ விட்டது இரண்டு நூல். நேர்ப்பக்கத்தில் தைத்தால் இரண்டு நூல்தான் போகும். ஆனால் முக்கோணத்தில் நீ தைப்பது சாய்வுப் பக்கம். சாய்வில் இரண்டு நூல் உள்ளே போனால், நேர்ப்பக்கத்தில் அளக்கும்போது கிட்டத்தட்ட மூன்று நூல் குறையும். பள்ளிக்கூடத்தில் படித்த 1.414 இதுதான்: 0.25 பெருக்கல் 1.414, அதாவது 0.35. உன் 3½, 3⅛ ஆனது அதனால். நீ வெட்டியது சரியாகத்தான் வெட்டியிருக்கிறாய், சேர்த்த கணக்குதான் போதவில்லை.

இழுத்துத் தைத்தது எழும்பியதற்குக் காரணம் வேறு. கிராஸ் கட் ரவிக்கை உடம்போடு ஒட்டுவது எதனால்? குறுக்கே வெட்டிய துணி நீளும். உன் முக்கோணத்தின் சாய்வுப் பக்கமும் கிராஸ்தான். அதைப் பிடித்து இழுக்கவே கூடாது.

இப்போது கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். முக்கோணங்கள் தைத்த பிறகு 3⅛ என்றால், கட்டத்துக்குள் அவை 2⅝ ஆக நிற்கும். மற்றவற்றை அதற்குப் பொருந்தக் குறைத்துவிடு. மூலைச் சதுரங்களை 3⅛ ஆகவும் நடுச்சதுரத்தை 5¾ ஆகவும் நறுக்கு. எல்லாம் கச்சிதமாக உட்காரும். நட்சத்திரம் 10½ இன்ச்சில் முடியும். மிச்சம் 1½ இன்ச்சுக்கு, பக்கத்துக்கு முக்கால் இன்ச் தெரிகிற மாதிரி சுற்றிலும் பட்டை கொடு. பட்டையை 1¼ இன்ச் அகலத்தில் வெட்ட வேண்டும். அதற்கு அம்மா புடவையின் கரை இருக்குமே! துணி ஒரு துண்டும் வீணாகாது, கட்டமும் 12 ஆகிவிடும்.

தையலை இழுக்காமல் மெதுவாகப் பிரி. துண்டுகளை இலேசான அரிசிக் கஞ்சியில் நனைத்து, நிழலில் சமமாகப் பரப்பி உலர்த்து. பழைய புடவைத் துணி மெல்லியது. கஞ்சி இல்லாமல் நழுவும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காதே, வைத்து அழுத்தி எடு. கஞ்சி போட்டதை அலமாரியில் வைக்காமல் அன்றைக்கே தைத்துவிடு, இந்த ஊரில் பூச்சி வந்துவிடும். சிவப்பைக் கஞ்சியில் போடுமுன் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார், சாயம் ஒட்டினால் தனியாக அலசி எடு.

மெஷின் அழுத்தும் காலின் அகலத்தை நம்பாதே. 1½ இன்ச் பட்டை மூன்றைத் தைத்து, நடுப்பட்டையை அள. சரியாக 1 இன்ச் இருந்தால் உன் கால் இன்ச் சரி. வரிசைகளைச் சேர்க்கும்போது, பின்பக்கம் தையல்கள் குறுக்கிட்டு X போட்டிருக்கும் இடத்துக்கு ஒரு இழை வெளியே தைத்தால் நட்சத்திர முனை மழுங்காது. கஞ்சி காய்ந்ததும் எழுது.

சாங்கி பக்கம்:

மிஞ்சும் சின்னத் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அறுகோணத்துக்கு இரண்டு இன்ச் துண்டு போதும், மெஷினே வேண்டாம். தடித்த காகிதத்தில் ஒரே அளவு அறுகோணங்கள் வெட்டி, துணியை அதன்மேல் மடித்துத் தைத்து, ஓரத்தோடு ஓரம் கையால் இணைக்க வேண்டும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, ஒரு பூ.

நான் இதைத் தொடங்கியதே சாங்கிச் சிறைப் பிள்ளைகளைப் பற்றிப் படித்த பிறகுதான். ஜப்பானியர் காலத்தில் அங்கே பெண்களோடு அடைக்கப்பட்ட சிறுமிகள் சுமார் 20 பேர், கிடைத்த கந்தலில் இந்த அறுகோணப் பூக்களைத் தைத்து, தங்கள் சாரணத் தலைவியின் பிறந்தநாளுக்காக ஒரு போர்வை செய்தார்கள். அது இப்போது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் 1942இல் அந்தப் பெண்களும் தலா 66 சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகளைத் தைத்தார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் தைத்தவளின் பெயர். வேறு பகுதியில் அடைபட்ட கணவன்மாருக்கு, நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று தெரிவிக்க அதுதான் வழி. உங்கள் அம்மா பெயரையும் ஒரு சதுரத்தில் தைத்து வையுங்கள்.

ஈசூன்வாசி:

அக்கா, நேற்றிரவு முடித்தேன். நடுச்சதுரத்தை நறுக்கும்போது கை நடுங்கியது. ஆனால் நீங்கள் சொன்ன 5¾இல் முக்கோணங்கள் இழுக்காமலே உட்கார்ந்தன. சுற்றிலும் அரக்குக் கரை. வெளித்தையல் இடத்தோடு சேர்த்து நான்கு பக்கமும் 12½. ஒரு முனை மட்டும் ஒரு நூல் மழுங்கிவிட்டது, அதைப் பிரித்து மறுபடி தைக்கப்போகிறேன்.

பிடோக் மெஷின், பச்சைப் புடவையில் அடுத்த கட்டத்துக்கு 4 இன்ச்சாகவே வெட்டிக்கொள்கிறேன். அம்மா பெயரைச் சங்கிலித் தையலில் போடட்டுமா, காம்புத் தையலிலா? மெல்லிய துணிக்கு எது சுருக்காது?

தேக்கா ஊசிநூல்:

காம்புத் தையல் போடு மா. இரண்டு இழை நூல் போதும். பின்னால் ஒரு மல்மல் துண்டு வைத்துக்கொள்.