பிளக் வெல்ட்: துளையடைப்பா, துளைவழிப் பற்றா?

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போர்ஷே 914 காரைப் பந்தயத்துக்குத் தயார்செய்யும் குறிப்பில் 'பிளக் வெல்ட்' (மேல் தகட்டில் துளையிட்டு, அதன் வழியே அடித்தகட்டோடு பற்றவைப்பது) பத்திக்குப் பத்தி வருகிறது. 'துளையடைப்புப் பற்றவைப்பு' என்று எழுதலாமா?

பின்னணி இது. 1969 முதல் 1976 வரை வந்த இந்த வண்டியில் பேட்டரி எஞ்சின் அறையின் வலப்பக்கம் இருக்கிறது. மேலே கம்பித்தடுப்பு மட்டுமே என்பதால் மழை நேராக உள்ளே இறங்கும். பேட்டரி அமிலமும் அந்தத் தண்ணீரும் சேர்ந்து, கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித்தூலத்தையும் பின்சக்கர சஸ்பென்ஷன் பூட்டப்படும் இடத்தையும் அரித்துவிடும். கூரை கழற்றி மாட்டுவது. ஆகவே உடல் வளையாமல் காப்பதில் பெரும்பங்கு இரு பக்கப் பெட்டித்தூலங்களுடையது. பட்டி பார்த்து மூடினால் வளைவில் சக்கரக் கோணமே மாறும். அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதியதை வைக்கவேண்டும். பழைய புள்ளிப் பற்றுகள் (ஸ்பாட் வெல்ட்) இருந்த இடத்தில் பிளக் வெல்ட் வரும்.

-----

> துளையடைப்புப் பற்றவைப்பு

ஐயா, இதில் 'அடைப்பு' வேண்டாம். அந்தச் சொல்லைப் படிப்பவர் துளையை நிரப்பத்தான் பார்ப்பார். இந்த வேலையில் அடிக்கடி நடக்கிற கோளாறும் அதுதான்: துளையின் விளிம்பில் உலோகம் குவிந்து, மேலே அழகாக வட்டப் பொட்டு தெரியும், அடித்தகடு உருகியே இருக்காது.

சரியான முறையில் மேல் தகட்டில் மட்டும் துளை. 1 மி.மீ. தகட்டுக்கு 6 முதல் 8 மி.மீ. இரண்டு தகடும் இடைவெளியின்றி ஒட்டும்படி கிளாம்ப் போடவேண்டும். இடைவெளி இருந்தால் விளிம்பு எரிந்து துளை பெரிதாகும். 0.6 மி.மீ. கம்பி ஊட்டும் மிக் வெல்டரில், மின்வில் சுடரைத் துளையின் நடுவில், அடித்தகட்டின் மேல் தொடங்கி, அது உருகியபின் சுற்றிக்கொண்டே விளிம்புக்கு வரவேண்டும். துத்தநாகப் பிரைமர் அடித்திருந்தால் துளைக்குள் மட்டும் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பொறி தெறித்து நுண்துளை விழும்.

சோதிப்பதற்கு, அதே கனமுள்ள இரு துண்டுத் தகடுகளைப் பற்றவைத்து உளியால் பிரித்துப் பாருங்கள். நல்ல பற்று ஒரு தகட்டைக் கிழித்து ஓட்டை போட்டுக்கொண்டு வரும். கெட்டது பொட்டாகக் கழன்று விழும், அடித்தகட்டில் வெறும் சூட்டுத் தடம்தான் மிஞ்சும்.

துளை வழியாக அடித்தகட்டைப் பிடிக்கிறோம். ஆகவே 'துளைவழிப் பற்று'.

-----

> துளைவழிப் பற்று

'பற்று' என்றால் கணக்குப்பிள்ளைக்கு வேறு நினைவு வரும், போகட்டும். 'புள்ளிப் பற்று' ஏற்கெனவே இந்த இழையில் புழங்குகிறது, இது அதற்கு அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். வட்டத்துக்குப் பதில் நீள்வெட்டு போடும் 'ஸ்லாட் வெல்ட்' வந்தால் 'காடிவழிப் பற்று' என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

விளக்கத்தில் 'மேல் தகடு' என்பதோடு 'மெல்லிய தகடு' என்பதும் வரட்டும். பாதுகாப்புக் கூண்டின் (வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்ச் சட்டம்) பாதத்துக்கு, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி கேட்பது 3 மி.மீ. கனமும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள வலுவூட்டுத் தகடு. 3 மி.மீ. தகட்டில் துளையிட்டு அடியிலுள்ள 1 மி.மீ. தரையைப் பிடிக்கப் போனால், கனத்த விளிம்பு உருகுமுன் தரை பொத்துவிடும். அங்கே தகட்டின் சுற்றுவிளிம்பைத்தான் பற்றவைக்கவேண்டும், அதுவும் 25 மி.மீ. துண்டுகளாக, இடம் மாற்றி மாற்றி. ஒரே ஓட்டமாக இழுத்தால் தரை நெளியும்.

வெட்டுவதற்கு முன் செய்யவேண்டியதையும் குறிப்பில் சேருங்கள் ஐயா. கதவு வாயிலில் குறுக்குக் குழாய் பற்றவைத்து, கதவு இடைவெளியை மேலும் கீழும் அளந்து எழுதிவைத்தபிறகே கட்டர் தொடவேண்டும். மேல் இடைவெளி முன்பே குறுகியிருந்தால் உடல் தொய்ந்திருக்கிறது. அதை நிமிர்த்தாமல் புதுத் தூலம் வைத்தால் தொய்வு அப்படியே நிரந்தரமாகிவிடும். அமிலம் பட்ட இடத்தைச் சமையல் சோடா கரைசலால் கழுவி, நீரில் அலசி உலர்த்தவேண்டும். இதைத் தவிர்த்தவர்களின் புதுத் தகடு உள்ளிருந்தே மறுபடி அரிக்கும்.

-----

இருவருக்கும் நன்றி. 'அடைப்பு' போய்விட்டது. பதிவு இப்படி:

துளைவழிப் பற்று (பெ.): ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தகடுகளில், மெல்லியதான மேல் தகட்டில் இட்ட துளையின் வழியாக அடித்தகட்டை உருக்கி இரண்டையும் இணைப்பது. வினை: துளைவழி பற்றவை.

அடுத்து, துருவைத் தடுக்கும் 'கேவிட்டி வாக்ஸ்'. பற்றவைப்பு எல்லாம் முடிந்து ஆறியபின் பெட்டித்தூலத்துக்குள் நீள்குழாயால் தெளிப்பது. முன்பே தெளித்தால் சுடரில் தீப்பிடிக்கும். 'உட்குழி மெழுகு' என்று வைத்திருக்கிறேன். தெளித்தபின் அது கெட்டியாகாமல் பிசுபிசுப்பாக நின்று மூட்டுகளில் ஊறுகிறதே, 'மெழுகு' பொருந்துமா?