ஓதம் ஏறும் வீட்டை விற்கும்போது எந்தக் கட்டத்தில் சொல்வது?

வணக்கம். வாடகை வருமானத்துக்காக வாங்கிய அடுக்குமாடி வீடு ஒன்றை விற்க முயல்கிறேன்; படுக்கையறையின் வெளிப்புறச் சுவரில் ஓதம் ஏறுவதால் பேரம் எதுவும் முடிவதில்லை. கடந்த மழைக்காலத்தில் தொடங்கிய இந்தச் சிக்கலில், முழங்கால் உயரம் வரை பெயின்ட் உப்பி உதிர்கிறது, உதிர்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது.

பக்கத்துக் குளியலறைக் குழாய்களை அழுத்தச் சோதனை செய்ததில் கசிவு இல்லை. டைல்ஸ் இடுக்குகளை மறுபடி அடைத்தும், தரைக்கு நீர்க்காப்புப் பூச்சு கொடுத்தும் பயனில்லை. வெளிச்சுவர் விரிசலே காரணம் என்று பொறியாளர் எழுத்தில் கொடுத்துவிட்டார், ஆனால் அது பொதுச்சுவர் என்பதால் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலின்றி நான் கைவைக்க முடியாது, அவர்கள் இழுத்தடிக்கிறார்கள்.

புதிதாக பெயின்ட் அடித்துவிட்டால் வாங்குபவருக்குத் தெரியாது என்கிறார் தரகர் (அடுத்த மழை வரை தெரியாதுதான்). அதைச் செய்வதாக இல்லை. பார்க்க வந்தவர்களிடம் முதலிலேயே வாய்மொழியாகச் சொன்னேன். சிலர் திரும்பி வரவில்லை, மற்றவர்கள் பழுதுச் செலவைவிடப் பல மடங்கு அதிகமாக விலையைக் குறைத்துக் கேட்டார்கள்.

பொறியாளரின் அறிக்கையையும் பழுதுச் செலவு மதிப்பீட்டையும் விலை பேசுவதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லதா, அல்லது விலை பேசியபின், முன்பணம் வாங்குவதற்குள் கொடுத்து அந்தத் தொகையை மட்டும் கழித்துக்கொள்வது நல்லதா?