ஸ்டீராய்டுக்கு ‘ஊக்கமருந்து’ பொருந்தாது: ‘தசைப்பெருக்கி’ என்று ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களின் ஸ்டீராய்டு பழக்கத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், ‘அனபாலிக் ஸ்டீராய்டு’ என்பதற்குத் தமிழில் என்ன போடலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பாதிப்பேர் சொன்னது இதுதான்:

> நாளிதழ்கள் ‘ஊக்கமருந்து’ என்றுதான் எழுதுகின்றன. மக்களுக்கும் பழகிவிட்டது. புதிதாக ஒன்று எதற்கு?

பழகிய சொல்லைத் தூக்கிப் போட எனக்கும் மனம் வராது. ஆனால் இந்த இடத்தில் அந்தச் சொல் தவறான செய்தியைச் சொல்கிறது. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊக்கம் என்றால் சோர்ந்தவனைத் தட்டி எழுப்புவது. பேஸ்பாலில் அப்படி ஒரு மருந்து உண்மையிலேயே இருந்தது. ஆம்ஃபெட்டமின் மாத்திரை, ஆட்டக்காரர்கள் அதை ‘கிரீனீஸ்’ என்பார்கள். சுமார் ஆறு மாதத்துக்குள் 162 ஆட்டம் ஆட வேண்டும். ராத்திரி ஆட்டம் முடிந்து விமானம் ஏறி, மறுநாள் வேறு ஊரில் களத்தில் நிற்க வேண்டும். அந்த அலுப்புக்கு மாத்திரை போட்டார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பு விழித்துக்கொள்ளும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மேஜர் லீக் எனப்படும் பெரிய லீகில் அதற்குச் சோதனை வந்ததே 2006 பருவத்தில்தான். அதை ஊக்கமருந்து என்று சொல்லுங்கள், எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

ஸ்டீராய்டு அப்படி இல்லை. ஊசி போட்ட அன்றைக்கு ஆளிடம் எந்த மாற்றமும் தெரியாது. வாரக்கணக்கில், எடைப்பயிற்சியோடு சேர்ந்துதான் அது வேலை செய்கிறது. தசை நாரில் புரதம் கூடுகிறது, பயிற்சியில் நைந்த தசை சீக்கிரம் தேறுகிறது. மாட்டைத் தார்க்குச்சியால் குத்தி ஓட்டுவதும், தீனி போட்டுக் கொழுக்க வைப்பதும் ஒன்றா? இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, வாசகருக்குப் புரிய வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

இந்தக் குழப்பம் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது. 1998 ஆகஸ்ட். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் மார்க் மெக்வயர், ரோஜர் மாரிஸ் 1961இல் ஒரே பருவத்தில் அடித்த 61 ஹோம் ரன் (அடித்த பந்து மைதான வேலியைத் தாண்டி விழுவது) என்ற சாதனையைத் துரத்திக்கொண்டிருக்கிறார். அவருடைய லாக்கரைச் சுற்றிச் செய்தியாளர் கூட்டம். அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஸ்டீவ் வில்ஸ்டீன் மேல் தட்டைப் பார்க்கிறார். பாப்பாய் படம் போட்ட பசலைக்கீரை டின், சர்க்கரை சேர்க்காத சூயிங்கம், பக்கத்தில் ஒரு பழுப்பு நிற பாட்டில். லேபிளில் ‘ஆண்ட்ரோஸ்டீன்டையோன்’. உடம்புக்குள் போனால் டெஸ்டோஸ்டிரோனாக மாறக்கூடிய முன்பொருள் அது. அன்றைக்கு அமெரிக்கக் கடைகளில் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். ஒலிம்பிக்கில் தடை, பேஸ்பாலில் தடை இல்லை. கீரை டின்னும் அந்த பாட்டிலும் ஒரே தட்டில் ஒளிவுமறைவின்றி இருந்ததற்குக் காரணம் அதுதான். மெக்வயர் அந்த வருடம் 70 அடித்தார். அந்த 1998இலும் தான் ஸ்டீராய்டு எடுத்ததாக 2010 ஜனவரியில் ஒப்புக்கொண்டார்.

இந்தக் காட்சியில் ‘ஊக்கமருந்து பாட்டில்’ என்று எழுதிப் பார்த்தேன். வாசகர் மனதில் என்ன வரும்? மைதானத்துக்குள் இறங்கும் முன் ஒரு மடக்கு குடித்துவிட்டு வெறியோடு மட்டையைச் சுழற்றும் ஆள் வருவார். நடந்தது அதுவல்ல. பந்தைக் கண்ணால் பிடிக்கும் திறமையை எந்த ஊசியும் தராது, அது மெக்வயரிடம் முன்பே இருந்தது. கூடுதல் தசையால் மட்டையின் வேகம் கொஞ்சம் கூடினால் போதும், வேலிக்கு அருகே கையில் அகப்படும் பந்து வேலியைத் தாண்டி விழும். 37 வருடம் நின்ற மாரிஸின் 61ஐ 1998 தொடங்கி 2001க்குள் ஆறு முறை தாண்டினார்கள்: மெக்வயர் இரண்டு முறை, சாமி சோசா மூன்று முறை, பாரி பாண்ட்ஸ் 73 அடித்து ஒரு முறை.

அப்புறம் இன்னொரு சிக்கல் உண்டு. எனக்கு இதுதான் பெரிது. வெறுமனே ‘ஸ்டீராய்டு’ என்று எழுதுங்கள், போதும் என்றார் ஒரு நண்பர். பேஸ்பாலிலேயே அது நடக்காது. டாட்ஜர்ஸ் அணியின் சாண்டி கூஃபாக்ஸ், பந்தெறியும் கையின் முழங்கையில் மூட்டழற்சி வந்து, கார்ட்டிசோன் ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். 1966 பருவத்தோடு 30 வயதில் ஓய்வு பெற்றார். கார்ட்டிசோனும் ஸ்டீராய்டுதான். வீக்கத்தை அடக்கும், அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் தசையைக் கரைக்கும். ஆக, தசையைக் கட்டுவதும் ஸ்டீராய்டு, கரைப்பதும் ஸ்டீராய்டு. அணி மருத்துவர் வெளிப்படையாகப் போடும் ஊசியும் அதுதான், ஆட்டக்காரர் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்ளும் ஊசியும் அதுதான். வேதியியலில் ஒரே குடும்பம் என்பதால் வந்த பெயர் இது. மூலக்கூறின் நான்கு வளையச் சட்டகம் பொது, மற்றபடி வேலை வேறு.

என் அத்தைக்கு இளைப்பு உண்டு. மருத்துவர் எழுதிக்கொடுத்த, கார்ட்டிசோன் வகை மருந்துள்ள இன்ஹேலரை இரண்டு வருடமாக ஒழுங்காக எடுத்துவந்தார். ஒரு முறை ஊருக்குப் போயிருந்தபோது ராத்திரி முழுக்க அவருக்கு இழுத்துக்கொண்டே இருந்தது. இன்ஹேலர் எங்கே என்று தேடினால் தையல் பெட்டிக்குள், நூற்கண்டுகளுக்கு அடியில் கிடக்கிறது. “ஸ்டீராய்டாமே தம்பி, மருந்துக்கடைப் பையன் சொன்னான். பேப்பர்லகூடப் போட்டிருந்துச்சே, ஓட்டக்காரங்க எடுத்துத் தடை வாங்கினாங்கன்னு. எனக்கெதுக்குப்பா அந்தக் கருமம்?” என்றார். இரண்டும் வேறு என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது, கையில் ஒரு தமிழ்ச் சொல் கிடையாது. அன்றைக்கு ‘அத்தே, அது தசைப்பெருக்கி, இது அழற்சியடக்கி’ என்று சொல்ல முடிந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

சரி, வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> வளர்மாற்ற ஸ்டீராய்டு.

நம் பாடநூல் வழி இது: உடம்பு பொருளைக் கட்டுவது வளர்மாற்றம், உடைப்பது சிதைமாற்றம். யாழ்ப்பாண நண்பர் தம் பாடநூல் வழியில் ‘உட்சேப ஸ்டெரொயிட்டு’ என்றார். இரண்டும் பொருளில் துல்லியம், ஆய்வுக் கட்டுரைக்கு நான் இதையே வைத்துக்கொள்வேன். ஆனால் அத்தையிடம் சொல்ல முடியாது. உடற்பயிற்சிக்கூடத்தில் நிற்கும் பதினேழு வயதுப் பையனிடமும் சொல்ல முடியாது.

> உரமாக்கி. சித்த மருத்துவத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

அழகான சொல். அந்த மரபுதான் எனக்கு வழி காட்டியது: கோழையகற்றி, மலமிளக்கி, சிறுநீர்ப்பெருக்கி என்று மருந்தை அது செய்யும் வேலையால் அழைப்பது. ஆனால் ‘உரமாக்கி’ நல்ல பெயர். கஷாயத்துக்குக் கொடுக்க வேண்டிய நற்சான்றிதழை இதற்குக் கொடுத்துவிடக் கூடாது.

அதே மரபில்தான் ‘தசைப்பெருக்கி’ என்கிறேன். இதற்கு வந்த தடைகளில் ஒன்று, பெருக்குவது என்றால் வீடு பெருக்குவது நினைவுக்கு வரும் என்பது. ஒலிபெருக்கியைப் பார்த்து யாருக்கும் விளக்குமாறு நினைவுக்கு வருவதில்லை. இன்னொரு தடை கனமானது:

> தசையைப் பெருக்குவது அதன் ஒரு வேலைதான். விரை சுருங்குகிறது, மார்பு பருக்கிறது, இதயம் கெடுகிறது. உங்கள் சொல் நல்லதை மட்டும் காட்டி விளம்பரம் செய்கிறது.

இதை இரண்டு நாள் யோசித்தேன். இதயமும் தசைதானே? இந்த மருந்தை நெடுங்காலம் அதிக அளவில் எடுப்பவர்களுக்கு இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. நல்ல கொழுப்பு இறங்கி, கெட்ட கொழுப்பு ஏறுகிறது. கைத்தசையை மட்டும் பெருக்கு, இதயத்தை விட்டுவிடு என்று மருந்துக்கு உத்தரவு போட முடியாது. ‘தசைப்பெருக்கி’ என்ற சொல்லிலேயே அந்த ஆபத்தும் உட்கார்ந்திருக்கிறது. தசை பெருக்கும் வேகத்துக்கு, அதை எலும்போடு கட்டும் தசைநாண் ஈடுகொடுக்காமல் அறுந்துபோவதையும் இதே சொல்லை வைத்து விளக்கலாம்.

விரை சுருங்குவது வேறு கணக்கு. டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து வந்து நிரம்பினால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி “போதும்” என்று கட்டளையை நிறுத்திவிடுகிறது. வேலை இல்லாத விரை சுருங்குகிறது, விந்தணு குறைகிறது. மிஞ்சிய டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை ஒரு நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்ற, மார்பு பருக்கிறது. ஊசியை நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க மாதங்கள் ஆகும், மனச்சோர்வு அந்த இடைவெளியில்தான் பிடிக்கும். கென் காமினிட்டி 1996இல் சான் டியேகோ பாட்ரெஸ் அணிக்காக, கிழிந்த தோள்தசையோடு, மெக்சிகோவின் டிஹுவானாவில் வாங்கிய ஸ்டீராய்டைப் போட்டுக்கொண்டு 40 ஹோம் ரன் அடித்து, லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். 2002இல் அவரே ஓர் இதழிடம் அதைச் சொன்னார். தன் உடம்பு டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதையே பெரும்பாலும் நிறுத்திவிட்டதையும் சொன்னார். 2004இல் 41 வயதில் இறந்தார். கொக்கெய்னும் ஓப்பிய வகைப் போதைப்பொருளும் சேர்ந்த நஞ்சு என்றது பிணப் பரிசோதனை. பருத்த இதயமும் துணைக்காரணமாகக் குறிக்கப்பட்டிருந்தது. அவர் சாவை ஸ்டீராய்டின் தலையில் மட்டும் கட்டிவிட மாட்டேன், கட்டுரையிலும் அப்படி எழுத மாட்டேன்.

மற்ற சொற்கள், சுருக்கமாக. தடைப்பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ‘திறன்கூட்டி’. அதன் கீழே ஊக்கமருந்து ஒரு வகை, தசைப்பெருக்கி ஒரு வகை. தடயத்தை மறைக்க எடுப்பது ‘தடமறைப்பி’. 2018இல் பேஸ்பால் ஆட்டக்காரர் ராபின்சன் கனோவுக்கு 80 ஆட்டத் தடை வாங்கிக்கொடுத்தது ஃபியூரோசமைடு, நம் வீட்டுப் பெரியவர்கள் கால் வீக்கத்துக்குப் போடும் அதே நீர் மாத்திரை. அதை ஊக்கமருந்து என்று எழுதினால் நகைப்பு. சோதனையில் அகப்படாதபடி புதிதாகச் சமைத்த டி.எச்.ஜி. போன்றவற்றுக்கு ஒரு நண்பர் ‘வடிவமைப்பு ஸ்டீராய்டு’ என்றார். துணிக்கடை வாசம் அடிக்கிறது. 2003இல் ஒரு பயிற்சியாளர் அனுப்பிவைத்த ஊசிக்குழலில் ஒட்டியிருந்ததிலிருந்துதான் லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வகம் அதைக் கண்டுபிடித்தது, அதுவரை அது ஒளிந்தே இருந்தது. ‘கரவு ஸ்டீராய்டு’ என்பேன். கரவு பழைய சொல், ஒளிப்பு என்று பொருள்.

‘தசைப்பெருக்கி’யில் ‘ப்’ என்ற ஒற்று வர வேண்டுமா என்று சொற்புணர்ச்சி பற்றிக் கேட்ட புலவர் ஐயாவுக்கு: ஒலிபெருக்கியில் ஒற்று மிகவில்லை, சிறுநீர்ப்பெருக்கியில் மிகுகிறது. களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி என்றும் மிகுத்தே எழுதுகிறோம். ஒற்று இல்லாமல் ‘தசைபெருக்கி’ என்று அச்சிட்டால், அவசரத்தில் ‘தசை பெருகி’ என்று படித்துவிடுவார்கள் என்பதால் மிகுத்தேன். தவறென்றால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

இந்தச் சொற்களைப் போட்டு எழுதிய ஒரு பத்தி கீழே. உரக்கப் படித்து, நாக்கு இடறும் இடத்தைச் சொல்லுங்கள்.

“பாரி பாண்ட்ஸ் 2007 ஆகஸ்டில் ஹாங்க் ஆரனின் வாழ்நாள் சாதனையான 755 ஹோம் ரன்னைத் தாண்டி, 762இல் நிறுத்தினார். தசைப்பெருக்கி எடுத்தார் என்ற பேச்சு கடைசிவரை அவரை விடவில்லை. தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான புகழ்க்கூடத்துக்குள் நுழைய வாக்களிக்கும் எழுத்தாளர்களில் 75 விழுக்காட்டினரின் ஆதரவு வேண்டும். எழுத்தாளர் வாக்கெடுப்பில் பத்தாவது ஆண்டாகவும் கடைசி வாய்ப்பாகவும் அமைந்த 2022இல் அவருக்குக் கிடைத்தது 66.”

ஹால் ஆஃப் ஃபேமுக்கு நான் போட்ட ‘புகழ்க்கூடம்’ எனக்கு இன்னும் முழுத் திருப்தி தரவில்லை. வேறு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.